இருவர் எப்படி நெருக்கமாகிறார்கள்?

படிப்பு முடிந்ததும் கூட இருந்தவர்கள் திசைக்கொருவராகப் போய்விடுகிறார்கள். இந்த இளம் வயதின் பெரிய வேலையே இன்னொருவரோடு மனதளவில் நெருங்குவதுதான், அது அமையாவிட்டால் தனிமைதான் என்று உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950-இல் எழுதினார். சரி, முன்பின் தெரியாத இருவர் எப்படி நெருங்குகிறார்கள்?

முதலில், அடிக்கடி கண்ணில் பட வேண்டும். 1992-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தோற்றத்தில் ஓரளவு ஒத்த நான்கு பெண்களில் மூவர் ஒரு கல்லூரி வகுப்புக்கு முறையே 5, 10, 15 தடவை வந்து, யாரோடும் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். நான்காமவர் வரவே இல்லை. பருவ முடிவில் நால்வரின் படங்களையும் காட்டிக் கேட்டபோது, அதிக தடவை வந்தவரையே மாணவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது.

ஆனால் பிடித்துப்போவது வேறு, நெருங்குவது வேறு. ஆர்தர் ஏரன் குழுவினர் 1997-இல் வெளியிட்ட சோதனையில், அறிமுகமில்லாத இருவரை உட்காரவைத்து 45 நிமிடம் பேசச் சொன்னார்கள். சில ஜோடிகளுக்கு மேலோட்டமான கேள்விகள். மற்றவர்களுக்கோ விருந்துக்கு யாரை அழைப்பீர்கள் என்பதில் தொடங்கி, கடைசியாக எப்போது இன்னொருவர் முன்னால் அழுதீர்கள் என்பது வரை போகப் போக ஆழமாகும் கேள்விகள். இரண்டாம் வகையினர்தான் அதிக நெருக்கத்தை உணர்ந்தார்கள். அது அந்த நேரத்து உணர்வுதான். விசுவாசமும் பொறுப்பும் 45 நிமிடத்தில் வந்துவிடாது என்பதை ஆய்வாளர்களே ஒத்துக்கொண்டார்கள்.

இதில் பேச்சின் ஆழத்தைப் போலவே முறையும் முக்கியம். ஒருவர் கொஞ்சம் சொல்ல, மற்றவரும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2013-இல் சூசன் ஸ்ப்ரெச்சர் குழுவினர் சோதித்துப் பார்த்தபோது, மாறி மாறிப் பேசிய ஜோடிகளுக்கு ஒருவரையொருவர் அதிகம் பிடித்துப்போனது. ஒருவர் பேசிக்கொண்டே இருக்க, இன்னொருவர் கேட்டுக்கொண்டே இருந்த ஜோடிகளில் அந்த அளவுக்கு இல்லை. சந்தித்த முதல் நாளே வாழ்க்கைக் கதை முழுவதையும் கொட்டித் தீர்ப்பது ஏன் பெரும்பாலும் பலிப்பதில்லை என்பது இதில் புரிகிறது.

எனக்கு இதையெல்லாம்விட முக்கியமாகப் படுவது எதிர்வினை. ஹாரி ரெய்ஸும் ஃபிலிப் ஷேவரும் 1988-இல் முன்வைத்த விளக்கத்தின்படி, மனதில் உள்ளதைச் சொல்வதோடு காரியம் முடிவதில்லை. கேட்டவர் தன்னைப் புரிந்துகொண்டார், மதித்தார், அக்கறை காட்டினார் என்று சொன்னவருக்குத் தோன்ற வேண்டும். அப்போதுதான் அடுத்த முறை இன்னும் கொஞ்சம் திறந்து பேசத் துணிவு வரும்.

துக்கத்தில் தோள் கொடுப்பதுதான் பெரிய சோதனை என்று நினைக்கிறோம். காதலர்களை வைத்து ஷெல்லி கேபிள் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொன்னது. உறவின் நலத்தோடு அதிகம் ஒத்துப்போனது, நல்ல செய்திக்குத் துணை எப்படி எதிர்வினை காட்டினார் என்பதுதான். “வேலை கிடைத்துவிட்டது!” என்று ஓடிவந்து சொல்பவரிடம், “அப்படியா! எப்போது சொன்னார்கள்? என்ன கேட்டார்கள்?” என்று துருவிக் கேட்பது ஒரு வகை. “அங்கே வேலைப் பளு அதிகமாமே” என்பது இன்னொரு வகை. ஆறுதல் பெறும்போது, எவ்வளவு அன்போடு கிடைத்தாலும், நம் இயலாமையும் கூடவே நினைவுக்கு வந்துவிடும். சந்தோஷத்தைப் பகிரும்போது அந்த உறுத்தல் இல்லை.