விறகில் ஓடும் எஞ்சினும் சிங்கப்பூர்க் காற்றும்

சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகளைக் கழிக்கும் வேலை சிங்கப்பூரில் அடிக்கடி கண்ணில் படும். அப்போது வெட்டிய கிளையின் முகத்தில் கை வைத்தால் பிசுபிசுவென ஈரம் ஒட்டும். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர்தான். ஒரு மின்னாக்கியை ஓட்டும் அளவுக்கு ஆற்றல் அந்தக் கிளைக்குள் இருக்கிறது. அதை வெளியே எடுக்க விடாமல் தடுப்பது இந்தத் தண்ணீர்.

விறகை அப்படியே எஞ்சினுக்குள் போட முடியாது. முதலில் வாயுவாக்க வேண்டும். மூடிய இரும்புக் கலனில் விறகை நிரப்பி, முழுதாக எரிவதற்குப் போதாத அளவே காற்று விட்டால், மேலடுக்கில் விறகு காய்கிறது. அதற்குக் கீழே சூட்டில் சிதைந்து புகையும் கரியுமாகப் பிரிகிறது. இன்னும் கீழே, காற்று நுழையும் இடத்தில், புகை 1,000 டிகிரி செல்சியசுக்கு மேல் எரிகிறது. அங்கே உண்டான கரியமில வாயுவும் நீராவியும் தணலாகக் கிடக்கும் கரிப்படுகையின் ஊடே இறங்கும்போது கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறுகின்றன. இவைதான் எஞ்சினுக்குத் தீனி. வாயுவில் ஏறத்தாழப் பாதி, காற்றோடு வந்த நைட்ரஜன்; அதற்கு எரியும் குணம் கிடையாது. ஆகவே பெட்ரோலில் கிடைக்கும் இழுவை இதில் கிடைக்காது. ஆனாலும் இரண்டரை முதல் மூன்று கிலோ காய்ந்த விறகு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடு கொடுக்கும்.

புகையும் வாயுவும் மேலிருந்து கீழே இறங்கும் இந்த அமைப்பை 1920களில் செம்மைப்படுத்தியவர் ஜார்ஜ் இம்பேர் என்ற வேதியியலாளர். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது ஐரோப்பாவில் லட்சக்கணக்கான வண்டிகள் விறகுக் கலனைச் சுமந்து ஓடின. தமிழ்நாட்டுப் பெரியவர்கள் சொல்லும் ‘கரி பஸ்’ஸும் அதே குடும்பம். அதில் போட்டது விறகுக்குப் பதில் கரி. கரியில் தண்ணீரும் கிடையாது, தார், அதாவது புகை குளிர்ந்தால் படியும் கறுப்புப் பிசின், தரும் பொருளும் அநேகமாகக் கிடையாது. விறகைக் கரியாக்கும்போதே அதன் ஆற்றலில் பெரும்பகுதி புகையோடு போய்விடும் என்பதுதான் அதற்குக் கொடுக்கும் விலை.

ஈர விறகு ஏன் ஆகாது என்றால், தண்ணீரை ஆவியாக்கச் சூடு வீணாகிறது என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்தக் கணக்கு மட்டும் போதாது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 2.4 மெகாஜூல் வேண்டும். ஒரு கிலோ உலர்ந்த மரத்தில் 18 மெகாஜூலுக்குச் சற்று மேல் இருக்கிறது. பாதிக்குப் பாதி தண்ணீர் உள்ள பச்சை விறகில்கூட இழப்பு 13 விழுக்காடுதான். அடுப்பென்றால் சமாளித்துக்கொள்ளலாம். எஞ்சினுக்கு ஆபத்து வருவது வேறு வழியில். விறகுப் புகையில் தார் இருக்கிறது. அதைச் சிதைக்க எரியும் அடுக்கில் கடும் சூடு நிலைத்து நிற்க வேண்டும். ஈரம் அந்த அடுக்கின் சூட்டைத்தான் முதலில் தின்கிறது. சூடு இறங்கினால் தார் உடையாமல் வாயுவோடு எஞ்சினுக்குள் போய், குளிர்ந்த இடத்தில் படிகிறது. உள்ளிழு வால்வின் தண்டில் கறுப்புப் பிசினாக ஒட்டி இறுகும். ராத்திரி நிறுத்திய எஞ்சின் காலையில் வால்வு அசையாமல் நின்றுவிடும். அதோடு, குளிர்ந்த கரிப்படுகையில் கார்பன் மோனாக்சைடு குறைந்து கரியமில வாயு கூடுவதால், வருகிற வாயுவும் சோகையாகிவிடும். இத்தகைய கலனுக்கு, மொத்த எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர் கூடாது என்று வைத்திருப்பது இதனால்தான்.

சரி, எப்படிக் காயவைப்பது? வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை, பஞ்சம் வறண்ட காற்றுக்குத்தான். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டி நிற்கிறது. இரவில் 90க்கு மேல் ஏறி, நல்ல வெயிலடிக்கும் பிற்பகலில் 60ஐ ஒட்டி இறங்கும். மரம் சுற்றியுள்ள காற்றோடு ஒரு சமநிலைக்கு வந்து நின்றுவிடும் பொருள். நம் காற்றில் அந்தச் சமநிலை, தண்ணீர் நீங்கிய மரத்தின் எடையை, அதாவது உலர் எடையைக் கொண்டு கணக்கிட்டால், 16 முதல் 18 விழுக்காடு தண்ணீர். எத்தனை மாதம் அடுக்கி வைத்தாலும் அதற்குக் கீழே இறங்காது. மொத்த எடைக் கணக்கில் அது 15 விழுக்காட்டை ஒட்டி வரும். அதாவது எஞ்சினுக்குப் போதும். இவ்வளவு ஈரமான ஊரிலும் மழை படாத கூரையும் ஊடே புகுந்து வரும் காற்றும் இருந்தால் காரியம் நடக்கும் என்பது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் அங்கே போய்ச் சேரும் வேகம் வெட்டும் முறையில் இருக்கிறது. மரத்தின் உடல் நெடுக்காக அடுக்கிய உறிஞ்சுகுழல் கட்டு போன்றது; தண்ணீர் குழலின் நீளவாக்கில் எளிதாக ஓடும், குறுக்கே கசிய மிகவும் சிரமப்படும். முழுக்கட்டையை அப்படியே போட்டால் மாதக்கணக்கில் உள்ளே ஈரம் தங்கும். பட்டைக்குக் கீழே பூஞ்சை படரும், வண்டு துளைக்கும். கைமுட்டி அளவுக்குக் குட்டையாக அறுத்துப் பிளந்துவிட்டால் நாலா பக்கமும் வாய் திறந்துகொள்ளும். பிளக்கும் வேலையைப் பச்சையாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். அந்த அளவு கலனுக்கும் பொருந்தும்: பெரிய துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று மாட்டிக்கொண்டு பாலம் கட்டி, கீழே வெற்றிடம் விழும், தூளும் சிராயும் மிகுந்தால் காற்று போக வழியடைக்கும். பட்டையை உரித்துவிடுவது நல்லது, அதில் சாம்பல் அதிகம். அது உருகிக் கட்டிதட்டும்.

சமநிலையையே கீழே இறக்கவும் வழி உண்டு. 27 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 26 கிராம் நீராவியைத் தாங்கும். நம் காற்று அதில் 22 கிராமை ஏற்கெனவே சுமந்து வருகிறது, மீதி இடம் 4 கிராம். அதே காற்றை ஒளி புகும் கூரை போட்ட கொட்டகையில் 45 டிகிரிக்குச் சூடேற்றினால் மேலும் 40 கிராமுக்கு மேல் ஏற்றிக்கொள்ளும். ஈரப்பதம் 30 விழுக்காட்டை ஒட்டி வந்துவிடும். பத்து மடங்கு தாகம்! ஆனால் ஈரம் உண்ட காற்று வெளியேற மேலே ஒரு வாய் வைக்காவிட்டால் கொட்டகை வெறும் நீராவிக் குளியலறையாகிவிடும். எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால் வேலை இன்னும் எளிது. எரிபொருளின் ஆற்றலில் கால்பங்குதான் சுழற்சியாகிறது, மற்றதெல்லாம் சூடாகக் கொட்டுகிறது. குளிர்விப்பானில் இருந்து வரும் வெப்பக் காற்றையே விறகுக் கூடைக்குத் திருப்பிவிடலாம். கலனில் இருக்கும் வாயுவை மட்டும் மூடிய இடத்தில் கசிய விடக்கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் இல்லை, ஆளைக் கொல்லும்.

காய்ந்ததா என்று அறிய இரண்டு துண்டுகளைத் தட்டிப் பாருங்கள். காய்ந்தது ‘டங்’கென்று ஒலிக்கும், ஈரமானது ‘தொப்’பென்று அமுங்கும். முனையில் நடுவிலிருந்து விரியும் வெடிப்பு நல்ல அறிகுறி. துல்லியம் வேண்டுமென்றால் சமையலறைத் தராசும் அடுப்புப் பெட்டியும் போதும். குவியலின் நடுவிலிருந்து எடுத்த துண்டைச் சிறு சிம்புகளாக்கி, 500 கிராம் நிறுத்து, 103 டிகிரியில் எடை இறங்குவது நிற்கும் வரை வையுங்கள். 400 கிராமில் நின்றால் போன தண்ணீர் 100 கிராம். மொத்த எடைக்கு அது 20 விழுக்காடு, உலர் எடைக்கு 25. ஊசி குத்திப் பார்க்கும் மின்கருவி பெரும்பாலும் இரண்டாவதைக் காட்டும், எஞ்சின்காரர்கள் பேசுவது முதலாவதை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல விறகை ஒதுக்கவோ கெட்டதை ஏற்கவோ நேரலாம். கருவியைத் துண்டின் மேற்புறத்தில் குத்தாமல், புதிதாகப் பிளந்த முகத்தில் குத்த வேண்டும்.

கிடங்குகளில் சரக்கை அடுக்கப் பயன்படுத்திக் கழித்துப் போடும் மரத்தட்டுகள் ஆசை காட்டும். அவற்றில் ‘எச்.டி.’ முத்திரை இருந்தால், பூச்சி சாக மரத்தின் உட்புறம் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டது என்று பொருள். காய்ந்தது என்று பொருளில்லை, நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். வண்ணம் பூசியதும் செம்பு, ஆர்சனிக் மருந்தேற்றியதும் வேண்டவே வேண்டாம்.

சிங்கப்பூரின் கரையோரப் பூந்தோட்டங்களில் தோட்டக்கழிவை எரித்து, செடிகள் வளரும் குளிர்மாடங்களுக்கு வேண்டிய ஆற்றலை எடுக்கிறார்கள். அது கொதிகலனும் நீராவிச் சுழலியும் கொண்ட ஏற்பாடு. சுடர் நேரே கொதிகலனைச் சூடாக்குவதால் ஓரளவு ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும். பிஸ்டன் எஞ்சினுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆகவே சூட்டில் காய்ந்த விறகைக் கொட்டகையிலேயே விட்டுவைக்காமல், ஆறுவதற்குள் இறுக்கமான மூடியுள்ள பீப்பாயில் அடைத்துவிடுங்கள். திறந்து வைத்தால் இரவுக் காற்றிலிருந்து மறுபடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.