பூத்தண்டில் பிறக்கும் பிள்ளைகள்

"ஸ்பைடர் பிளான்ட் வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. இலை தளதளன்னு இருக்கு, ஒரு குட்டிகூட விடல. மண்ணுல குறையா?" என்று மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இலை தளதளவென்று இருந்தால் மண்ணைச் சந்தேகிக்க வேண்டாம். அந்த அறையில் ராத்திரி எத்தனை மணிக்கு விளக்கு அணைகிறது என்று முதலில் பாருங்கள்.

ஆப்பிரிக்காவைச் சொந்த ஊராகக் கொண்ட இந்தச் செடிக்குத் தாவரவியலில் குளோரோஃபைட்டம் கோமோசம் என்று பெயர். பகல் 12 மணி நேரத்துக்கும் குறைவாக, மூன்று வாரமாவது தொடர்ந்து இருந்தால் இது குட்டிகள் தொங்கும் தண்டை நன்றாக விடும். சென்னையிலேயே டிசம்பர் கடைசியில் பகல் சுமார் 11 மணி 20 நிமிடம்தான். ஆனால் ஹாலில் பதினொரு மணி வரை டியூப்லைட் எரிந்தால், செடியைப் பொறுத்தவரை அதுவும் பகல். பால்கனிக்கு மாற்றுங்கள், உச்சி வெயில் நேராகப் படாத இடமாக இருக்கட்டும்.

சரி, இனி எனக்குப் பிடித்த விஷயம். தொங்கும் அந்தத் தண்டைப் பலர் கொடி என்று நினைக்கிறார்கள். அது பூத்தண்டு. கணுவுக்குக் கணு ஆறு இதழோடு சின்ன வெள்ளைப் பூ பூக்கும். பூ வாடியதும் அந்த இடத்தை உற்றுப் பாருங்கள். காய்ந்த காம்பை ஒட்டியே பச்சையாக ஒரு முனை எட்டிப் பார்க்கும். அப்புறம் ஒரு இலை, இன்னொரு இலை. பூக்கப் புறப்பட்ட தண்டு செடி செய்யத் தொடங்கிவிட்டது!

பூவின் உறுப்புகளெல்லாம் உருமாறிய இலைகளே என்று 1790-இலேயே எழுதியவர் ஜெர்மானியக் கவிஞர் கதே. முதுமையில் அவர் ஜெர்மனியின் வைமர் நகர வீட்டில் ஆசையாக வளர்த்தது இதே செடியைத்தான். பிற்பாடு, கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்ற களைச்செடியில் பூ உறுப்புகளைத் தீர்மானிக்கும் மரபணுக்களை முடக்கிப் பார்த்தபோது, இதழும் மகரந்தத்தாளும் வர வேண்டிய இடத்தில் இலை மாதிரியான உறுப்புகளே வந்தன. களையை ஆராய எதற்குக் காசு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். நம் ஊர்க் கல்லூரித் தாவரவியல் துறைகள் ஒரு நல்ல மைக்ரோஸ்கோப்புக்காக வருஷக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

தண்டவாளத்தோரம் நிற்கும் ரயில் கற்றாழையைக் கவனித்திருக்கிறீர்களா? அதன் பூத்தண்டிலும் இப்படிக் குட்டிகள் முளைக்கும். இரண்டும் ஒரே குடும்பம்.

இப்போது குட்டியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் நொய்யரிசி போல வெளிறிய முண்டுகள் இருக்கும். அவை வேரின் தொடக்கம். அந்தரத்தில் தொங்கும்போதே தயாராகி, ஈரம் படுவதற்காகக் காத்திருக்கின்றன. இளம் இலைகளில் உருவாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் அடிப்பக்கம் இறங்கி வேர்விடத் தூண்டும். அதனால் வேர்ப் பொடியெல்லாம் வாங்க வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீரில் முண்டுகள் மட்டும் நனையும்படி வைத்தால் போதும். நான் தண்டை வெட்டுவதற்கு முன்பே பக்கத்துத் தொட்டி மண்ணில் குட்டியை உட்கார்த்தி, ஹேர்பின் குத்தி வைப்பேன். வேர் பிடிக்கும்வரை தாய்ச்செடியே தண்ணீர் ஊட்டும். இரண்டு மூன்று வாரம் கழித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் தண்டை வெட்டலாம்.

காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி இதை விற்கிறார்கள். 1989-இல் வெளியான நாசா ஆய்வு மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தது. ஜன்னல் திறந்திருக்கும் வீட்டில் நாலு தொட்டி வைத்து அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இதை மருந்தாக நம்பி வாங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அழகுக்காக வாங்குங்கள், தாராளமாக.

இலை நுனி கருகுவதற்குப் பல சமயம் தண்ணீரே காரணம். நீரோடு ஏறும் ஃப்ளூரைடு இலை நுனிவரை போகும். நீர் ஆவியாகிவிடும், அது அங்கேயே தங்கிவிடும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து போர்த் தண்ணீரில் இது அதிகம். மழைத்தண்ணீர் நல்லது. ஐப்பசி மழையில் இரண்டு பக்கெட் பிடித்து வையுங்கள். பகல் குறைந்து, செடி தண்டு நீட்டத் தொடங்கும் காலமும் அதுதான்.