அழைப்பு: ஒரு சொல் விளக்கம்

திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு பையனைப் பற்றி "அவனுக்கு அழைப்பு இருக்கு" என்று சொன்னால், அவன் ஐயராகவோ (சபைப் போதகராகவோ) மிஷனெரியாகவோ போகப்போகிறான் என்று அர்த்தம். கத்தோலிக்க வீடு என்றால், குருக்களைப் பயிற்றுவிக்கும் குருமடத்துக்குப் போகப்போகிறான் என்று. மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேருகிறவனைப் பற்றி யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் வேதத்தில் இந்தச் சொல் இவ்வளவு ஒடுங்கியது இல்லை.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் 'கலேயோ' என்றால் கூப்பிடுதல். அதிலிருந்து வந்த பெயர்ச்சொல் 'கிளேசிஸ்'. சபையைக் குறிக்கும் 'எக்ளேசியா'வும் அதே வேரில் பிறந்ததுதான்; ஆகவே சபையில் இருக்கிற எல்லாருமே அழைக்கப்பட்டவர்கள். லத்தீனில் இது 'வொகாத்தியோ' ஆயிற்று, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு 'வொகேஷன்' வந்தது. நம் மேல்நிலைப் பள்ளிகளில் 'வொகேஷனல் குரூப்' என்றால் தொழிற்கல்வி. குருமடத்திலோ அதே சொல்லுக்குக் குருவாகவோ துறவியாகவோ போவது என்று பொருள்.

இடைக்கால ஐரோப்பாவில் இந்தச் சொல் பெரும்பாலும் துறவிகளுக்கும் குருக்களுக்கும் உரியதாகிவிட்டது. 16ஆம் நூற்றாண்டில் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர், செருப்புத் தைக்கிறவரின் வேலையும் கொல்லரின் வேலையும் கடவுளுக்கு முன் அழைப்புதான் என்றார். அவர் பயன்படுத்திய 'பெரூஃப்' என்ற ஜெர்மன் சொல்லுக்கு இன்று தொழில் என்றே பொருள். கத்தோலிக்கத் திருச்சபையும் 1964இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்ற உலக ஆயர்கள் கூட்டத்தின் ஏட்டில், புனித வாழ்வுக்கான அழைப்பு எல்லாருக்கும் உரியது என்று தெளிவாக எழுதிவைத்தது. இதற்கு நம் மண்ணிலேயே சாட்சி உண்டு. வடக்கன்குளத்தில் 1745இல் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயம் குருவும் அல்ல, துறவியும் அல்ல. திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த குடும்பஸ்தர். 2022இல் அவரைத்தான் புனிதராக அறிவித்தார்கள்.

சரி, தமிழ் வேதாகமம் என்ன சொல்கிறது? "அவனவன் தான் அழைக்கப்பட்ட நிலைமையிலே நிலைத்திருக்கக்கடவன்" என்கிறது 1 கொரிந்தியர் 7:20. இந்த வசனத்தைக் கவனமாக வாசிக்க வேண்டும். அப்பன் செய்த வேலையைத்தான் பிள்ளையும் செய்ய வேண்டும் என்று குலத்தொழிலுக்கு முட்டுக்கொடுக்கிற வசனம் அல்ல இது. அடிமையாயிருக்கிறவன் சுயாதீனனாக முடிந்தால் அதை நாடட்டும் என்று அடுத்த வசனமே சொல்கிறது. சாதியால் தொழில் திணிக்கப்பட்ட நம் ஊரில் இதை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும்.

அன்றாட வேலையில் அழைப்பு எப்படி இருக்கும் என்பதற்குத் தேரிக்காட்டுப் பனையேறி ஒருவரையே எடுத்துக்கொள்ளலாம். விடியும் முன்னே மரமேறி, பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுகிறார். சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகும், கூடினால் வாயில் வைக்க முடியாது. கீழே விடிலியில், அதாவது காய்ச்சும் குடிசையில், அவர் மனைவி புகையில் கண் எரிய நின்று பதநீரைக் காய்ச்சுகிறார். பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றுகிறார். அந்த நேரத்தில் கொஞ்சம் சீனியைச் சேர்த்தால் எடை கூடும், லாபமும் கூடும். சந்தையில் அப்படிக் கலந்த கருப்பட்டி ஏராளம். சேர்க்காமல் ஊற்றுகிற அந்தக் கை தன் அழைப்பில் நிலைத்திருக்கிறது. ஆவிக்குரிய வளர்ச்சி ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் தொடங்கலாம். ஆனால் அது வேர்பிடிப்பது இப்படிப்பட்ட இடத்தில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம், 'ஊழியம்'. திருவிதாங்கூரில் கூலியில்லாமல் வாங்கிய கட்டாய வேலைக்கும் இதே பெயர்தான். சபையில் அது சேவை என்ற நல்ல பொருளைப் பெற்றது. ஆனால் 'முழுநேர ஊழியர்' என்று சிலரைச் சொல்லும்போது, மற்றவர்களெல்லாம் கடவுளுக்குப் பகுதிநேர ஆட்கள் என்றாகிவிடுகிறது. 'சபை ஊழியர்' என்றால் போதுமே.

சரியான தமிழ்ச் சொல் எது என்று கேட்டால், பொதுப்பொருளில் 'அழைப்பு' போதும். மாப்பிள்ளை அழைப்பு, போன் அழைப்பு என்று குழம்பும் இடத்தில் 'இறையழைப்பு' எனலாம். கத்தோலிக்கர் வழங்கும் 'இறையழைத்தல்' நல்ல சொல்தான், அதைக் குருத்துவத்துக்கு மட்டும் ஒதுக்கிவைக்காத வரைக்கும். பிழைப்புக்குச் செய்வதற்குத் 'தொழில்' என்ற சொல் இருக்கிறது. ஒரே தொழிலில் இருக்கிற இருவரில் ஒருவர் அதை அழைப்பாக ஏற்றிருக்கலாம், மற்றவர் ஏற்காமல் இருக்கலாம். அதனால் இந்த இரண்டு சொற்களையும் ஒன்றாக்கக் கூடாது.