பாயிண்ட் டூ டூ: காசு எங்கே போக வேண்டும்?

போன வருடம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. துப்பாக்கி சுடும் ரேஞ்சில் டார்கெட் அட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது ஒருவர் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளோடு வந்தார். கோவையில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருப்பவர். வணக்கம் சொன்ன கையோடு போனை நீட்டினார். அமெரிக்காக்காரர் ஒருவர் சாப்பாட்டு மேசையில் உதிரி பாகங்களைப் பரப்பிவைத்து அரை மணி நேரத்தில் ஒரு .22 (பேரல் துளை சுமார் 0.22 அங்குலம்) ரைபிளைப் பூட்டி முடிக்கும் வீடியோ.

"சார், இதுல என்னங்க இருக்குது? பேரல் ஒண்ணு, போல்ட் ஒண்ணு. நம்ம பட்டறையிலயே பண்ணிப்போட்லாமுங்க. பாப்பாவுக்கு பிராக்டீஸுக்கு ஆச்சுல்ல?"

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. கோவையில் மோட்டார் பம்ப் முதல் வெட்கிரைண்டர் வரை கையால் செய்து பழகிய ஆட்களுக்கு இப்படித்தான் தோன்றும். பதினேழு வருடமாக ரைபிள் பயிற்சியாளராக இருக்கிறேன். வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். அவரிடம் அன்று சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்த வீடியோ. அதில் இருந்தது ரூகர் நிறுவனத்தின் 10/22 வகை. 1964-இல் சந்தைக்கு வந்தது. அதன் பேரல் ரிசீவரோடு (போல்ட் உட்காரும் நடு உடல்) இரண்டே ஸ்க்ரூவில் நிற்கும், அதனால் வீட்டிலேயே கழற்றி மாட்டலாம். அமெரிக்கச் சட்டம் வரிசை எண் பொறித்த ரிசீவரை மட்டும்தான் துப்பாக்கி என்று கணக்கில் எடுக்கிறது. பேரல், டிரிகர், தோளில் பதியும் ஸ்டாக் எல்லாம் அங்கே கடைச் சரக்கு. அவர்கள் 'ரைபிள் பில்ட் பண்ணினேன்' என்று சொல்வதில் பாதி நம் ஊரில் சைக்கிளுக்கு சீட்டும் ஹேண்டில்பாரும் மாற்றுவது மாதிரி.

இங்கே கதை வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விளக்கப் பிரிவிலேயே ஆயுதத்தின் பாகங்களும், ஆயுதம் செய்யும் இயந்திரங்களும் ஆயுதத்துக்குள் அடங்கும் என்று எழுதியிருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் செய்வதும் விற்பதும் மட்டுமல்ல குற்றம். ரிப்பேர் செய்வது, மாற்றியமைப்பது எல்லாமே ஐந்தாவது பிரிவில் வரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்சம் ஏழு வருடம், அதிகபட்சம் ஆயுள். பட்டறைக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "மகளுக்கு மெடல் வாங்கித் தரப்போயி நான் உள்ள போயிருவனாட்ட இருக்குதுங்க" என்றார்.

சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் அது வேண்டாத வேலை. .22 ரைபிளில் போடுவது ரிம்ஃபயர் தோட்டா. அதில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் ரசாயனம் அடிப்பகுதியின் மெல்லிய விளிம்புக்குள் இருக்கிறது. ஃபயரிங் பின் அந்த விளிம்பை நசுக்கினால்தான் வெடிக்கும். நசுங்கவேண்டும் என்பதாலேயே பித்தளையை மெல்லியதாக வைத்திருக்கிறார்கள். தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டுக்கும், தோட்டா உட்காரும் சேம்பருக்கும் இடையே இடைவெளி கொஞ்சம் கூடிவிட்டால் விளிம்பு கிழிந்து, சூடான வாயு சுடுகிறவரின் முகத்துக்கே திரும்பும். லேத்தில் 'டூ தௌ'க்குள், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குள், வேலை செய்கிறவருக்கு இதை விளக்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

சட்டம் இந்த விளையாட்டுக்கு எதிரி என்றும் நினைத்துவிட வேண்டாம். அதே சட்டத்தின் மூன்றாவது பிரிவு, ஒருவர் இத்தனை துப்பாக்கிதான் வைத்திருக்கலாம் என்று உச்சவரம்பு விதித்துவிட்டு, அங்கீகரிக்கப்பட்ட ரைபிள் கிளப் உறுப்பினர் டார்கெட் பயிற்சிக்குப் பயன்படுத்தும் .22 ரைபிளுக்கும் காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைபிளுக்கும் பெயர் சொல்லி விலக்கு தருகிறது. கிளப்பில் சேருங்கள், கிளப் ரைபிளில் சுட்டுப் பழகுங்கள், போட்டிகளில் ஸ்கோர் காட்டுங்கள். அதன் பிறகு மாவட்ட ஆட்சியரிடம், மாநகரம் என்றால் போலீஸ் கமிஷனரிடம், சொந்த லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள். மெதுவான பாதைதான். ஆனால் அந்தக் காத்திருப்புக் காலத்தில் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. அவசரப்பட்டு ரைபிள் வாங்கியவர்களில் பாதிப்பேர் அளவு பொருந்தாத ரைபிளை வாங்கிவிட்டு என்னிடம் வந்து நின்றிருக்கிறார்கள்.

சரி, செலவு. புதிதாக வருகிற எல்லோரும் ரைபிள் விலையைத்தான் கேட்கிறார்கள். தோட்டாக் கணக்கைக் கேட்பவர் அபூர்வம். 50 மீட்டர் த்ரீ பொசிஷன் போட்டியில் முழங்காலிட்டு 20, படுத்து 20, நின்று 20 என்று 60 ஷாட். முதலில் குறி சரிபார்க்கும் சைட்டிங் ஷாட்டையும் சேர்த்தால் ஒரு முழுப் பயிற்சிக்கு எண்பது தோட்டா போகும். வாரத்துக்கு மூன்று நாள் என்றால் 240. வருடத்தில் ஐம்பது வாரம் சுட்டால் 12,000. ரைபிளுக்கு ஒரு முறைதான் பணம் கட்டுகிறோம், தோட்டாவுக்கு ஒவ்வொரு வாரமும். ஆகவே மலிவான பயிற்சி ரைபிள் என்று நான் சொல்வது, வீணாகப் போகிற தோட்டாவைக் குறைக்கிற ரைபிளை. உங்கள் உடம்புக்குப் பொருந்துகிற, ஸ்க்ரூ இறுகிய, தனக்குப் பிடித்த தோட்டா எது என்று தெரிந்த ரைபிள். ஆன்ஷூட்ஸ், வால்தர் என்ற ஜெர்மன் பெயர்களைக் கேட்டு மிரள வேண்டாம். கிளப் அலமாரியில் தூங்கும் பழைய ரைபிளே இரண்டு வருடத்துக்குத் தாராளமாகப் போதும்.

ஸ்க்ரூ என்றதும் ஒரு சம்பவம் ஞாபகம் வருகிறது. எங்கள் பையன் ஒருவன், கல்லூரி இரண்டாம் ஆண்டு. நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தவனின் குரூப் (அட்டையில் ஓட்டைகள் விழும் கூட்டம்) திடீரென்று இரண்டாகப் பிரிந்தது. அட்டையில் இடது பக்கம் நான்கு ஓட்டை, வலது பக்கம் மேலே ஆறு ஓட்டை, நடுவில் வெற்றிடம். மூன்று வாரம் தூக்கமில்லாமல் இருந்தான். பேரல் தேய்ந்துவிட்டது, புதுசு போட வேண்டும் என்று யாரோ சொல்லி, வீட்டில் கடன் பேச்சுகூட ஆரம்பித்திருந்தது. குரூப் சிதறியிருந்தால் தோட்டாவைச் சந்தேகப்பட்டிருப்பேன். இப்படி இரண்டு கும்பலாகப் பிரிந்தால் இரும்புக்கும் மரத்துக்கும் ஆகவில்லை என்று அர்த்தம். துப்பாக்கி பழுதுபார்க்கும் கிளப் ஆர்மரரிடம் கொடுத்தேன். ரிசீவரை ஸ்டாக்கோடு பிடித்திருக்கும் முன் ஸ்க்ரூ ஆலன் கீக்குக் கால் சுற்று கொடுத்தது. அவ்வளவுதான். மழைக்காலத்தில் ஊறி வெயிலில் காய்ந்த மர ஸ்டாக் செய்த வேலை. இப்போது எங்கள் ரைபிள்கள் எல்லாவற்றிலும் ஸ்க்ரூ தலைக்கும் ஸ்டாக்குக்கும் குறுக்கே நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்திருக்கிறோம். கோடு விலகினால் ஸ்க்ரூ நகர்ந்திருக்கிறது. என் மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷ் பாட்டில் ஒன்று அதற்கே காலியாகிவிட்டது.

அடுத்தது தோட்டா. 50 மீட்டர் டார்கெட்டில் பத்துப் புள்ளி வளையத்தின் குறுக்களவு 10.4 மி.மீ., சட்டைப் பொத்தான் அளவு. மேட்ச் தோட்டாவின் குண்டு 2.6 கிராம் எடையில் நொடிக்கு 325 மீட்டர் வாக்கில் கிளம்புகிறது. டார்கெட் போய்ச் சேருவதற்குள் பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிடும். ஒரு தோட்டா இன்னொன்றைவிட நொடிக்குப் பத்து மீட்டர் மெதுவாகப் போனால்கூட அட்டையில் ஏழெட்டு மில்லிமீட்டர் தாழ்ந்து விழும். உங்கள் கையில் தப்பே இல்லாமல் பத்து, ஒன்பதாகிவிடும். 'ஹை வெலாசிட்டி' என்று எழுதிய பெட்டியை வாங்கிவந்து பெருமைப்படுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அந்தக் குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டிக் கிளம்பி, வழியில் அந்த எல்லைக்குக் கீழே இறங்கும்போது தள்ளாடுகிறது. மேட்ச் தோட்டா செய்கிறவர்கள் ஒலியைவிட மெதுவாகவே வைத்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

ஒரே பெயர், ஒரே நிறப் பெட்டி என்றாலும் லாட் எண் (ஒரே தடவையில் செய்த சரக்குக்குப் போடும் எண்) மாறினால் தோட்டாவும் மாறிவிடுகிறது. ஈலி, எஸ்.கே., லாப்புவா என்று எந்தக் கம்பெனித் தோட்டாவானாலும் சரி, மொத்தமாக வாங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு லாட்டிலும் கொஞ்சம் எடுத்து, ரைபிளை மணல் மூட்டை மேல் வைத்து, பத்துப் பத்தாக நாலு குரூப் சுட்டுப் பாருங்கள். விலை கூடின தோட்டாவை ஒதுக்கிவிட்டு மலிவான லாட்டைத் தேர்ந்தெடுத்த ரைபிள்களை நானே பார்த்திருக்கிறேன். பேரலுக்கு விலைப்பட்டியல் தெரியாது.

உடம்புக்குப் பொருந்துவதைப் பற்றிச் சொன்னேன். குறிபார்க்கும் முன், பின் சைட்டுகளுக்கு இடையே முக்கால் மீட்டர் சொச்சம் தூரம். அதில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் அட்டையில் ஆறு மில்லிமீட்டர். கன்னம் ஸ்டாக்கில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்காராவிட்டால் இந்தப் பிசகு தானாக வரும். அதற்கு எங்கள் கிளப்பில் பழைய யோகா மேட்டைத் துண்டுபோட்டு, கன்னம் படும் இடத்தில் வைத்து, கிரேப் பேண்டேஜால் சுற்றிக்கொள்கிறோம். பார்க்க அடிபட்ட கால் மாதிரி இருக்கும், ஆனால் வேலை செய்யும். ரைபிளில் நீங்களாகச் செய்துகொள்வது இந்த மாதிரி துணி, ரப்பர், ரைபிளைக் கையோடு பிடிக்கும் பட்டையான ஸ்லிங்கின் நீளம் இவற்றோடு நிற்கட்டும். டிரிகரையும் போல்ட்டையும் லைசென்ஸ் உள்ள ஆர்மரர்தான் தொட வேண்டும். டிரிகரை இலகுவாக்குகிறேன் என்று ஸ்ப்ரிங்கை வெட்டிக்கொண்டு வந்த ஒருவரின் ரைபிளை, போல்ட்டை மூடும் சத்தத்துக்கே சுடுகிற நிலையில் பார்த்திருக்கிறேன். அன்று முழுக்க எனக்குக் கை நடுங்கியது.

.22 சின்னத் தோட்டா, விளையாட்டுத் தோட்டா என்ற நினைப்பும் போக வேண்டும். ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். ரிம்ஃபயரில் 'மிஸ்ஃபயர்' மற்ற தோட்டாக்களைவிட அதிகம். விளிம்புக்குள் ரசாயனம் ஒரு பக்கம் படியாமல் போயிருக்கலாம், ஃபயரிங் பின் அந்த இடத்திலேயே அடித்திருக்கலாம். டிரிகரை இழுத்தும் வெடிக்காவிட்டால் முனை டார்கெட்டைப் பார்த்தபடியே இருக்கட்டும். முப்பது நொடி எண்ணுங்கள், பிறகு போல்ட்டைத் திறங்கள். என்.சி.சி. முகாமிலிருந்து வந்த ஒரு பையன், "சார், இது வெடிக்கல" என்று ரைபிளோடு என் பக்கம் திரும்பினான். பக்கத்து லேனில் இருந்தவர் பேரலைப் பிடித்து அட்டைப் பக்கம் தள்ளினார். தோட்டா கடைசிவரை வெடிக்கவில்லை. அந்தப் பையன் இப்போது எங்கள் ரேஞ்சில் சேம்பர் காலி என்று காட்டும் சேஃப்டி ஃபிளாக் சொருகாத யாரையும் விடுவதில்லை. இன்னொன்று, .22 குண்டு ஈயம். சுட்டுவிட்டு அதே கையால் வடை சாப்பிடாதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பட்டறைக்காரரின் மகளுக்கு .22 இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்னேன். 10 மீட்டர் ஏர் ரைபிளில் தொடங்கட்டும். 4.5 மி.மீ. துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அபினவ் பிந்த்ரா 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியதும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012-இல் லண்டனில் வெண்கலம் வாங்கியதும் இதே 10 மீட்டரில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனுக்கும் இதுதான் களம். பத்துப் புள்ளி அங்கே வெறும் அரை மில்லிமீட்டர் பொட்டு. மூச்சு, டிரிகர், சுட்ட பின்னும் அசையாமல் நிற்பது என்று அங்கே படிந்த பழக்கம் பிறகு 50 மீட்டருக்கு அப்படியே கூடவரும். (லைசென்ஸ் வேண்டாம் என்றதும் கொக்கும் புறாவும் தேடிப் புறப்படுகிறவர்கள் உண்டு. வனவிலங்குச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அய்யா.)

அவர் முகம் கொஞ்சம் வாடியது. கையில் வேலை வைத்திருக்கும் மனிதர், ஏதாவது செய்தே தீர வேண்டும். "ஏர் ரைபிள் ஈயக் குண்டு, அதான் பெல்லட், அதைப் புடிச்சு நிறுத்துற பெட்டி செஞ்சு குடுங்க" என்றேன். பட்டறைக்குப் பின்னால் பதிமூன்று மீட்டர் நீளச் சந்து, முடிவில் கதவோ ஜன்னலோ இல்லாத முழுச் சுவர். அதன் முன்னால் இரும்புப் பெட்டி, உள்ளே பெல்லட்டைக் கீழே திருப்பிவிடும் ஐந்து மில்லிமீட்டர் தகடு 45 டிகிரி சாய்வில், அடியில் ஈயம் விழுந்து சேர ஒரு தட்டு. நான்கு நாளில் செய்து முடித்துப் படம் அனுப்பினார். வெல்டிங் அப்படி ஒரு சுத்தம். எங்கள் கிளப்புக்கும் இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மாதக் கடைசியில் அந்தப் பெண் தட்டில் விழுந்த ஈயத்தைக் கையுறை போட்டு அள்ளி, பட்டறைத் தராசில் நிறுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதுகிறாள். ஒரு பெல்லட் அரை கிராம். போன மாதம் ஒரு கிலோ எழுநூறு.