மயக்க மருந்தா, விறைப்பூசியா?

சத்திரசிகிச்சைக்கு முன் எது கொடுக்கப்பட்டாலும் "மயக்க மருந்து" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சிசேரியனுக்காக முதுகில் ஊசி போடப்படும் தாய்க்கும் இதே சொல்தான். அவர் நித்திரை வரும் என்று நம்பித் தியேட்டருக்குள் போகிறார். வைத்தியர்கள் கதைப்பது காதில் விழுந்துகொண்டே இருக்க, மருந்து பிடிக்கவில்லையோ என்று பதறுகிறார்.

கொழும்பு வார்டுகளில் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் சிங்களவருக்கு இந்தச் சிக்கல் குறைவு. நினைவிழக்கச் செய்வது "சிஹி நெத்தி கரனவா", விறைக்கச் செய்வது "ஹிரி வட்டனவா". பேச்சுத் தமிழிலும் "விறைக்கிற ஊசி" இருக்கத்தான் செய்கிறது, ஆனால் பல்லுப் பிடுங்கும் இடத்தோடு அதை நிறுத்திவிட்டோம்.

1846 ஒக்டோபர் 16இல் பொஸ்டனில் பல் வைத்தியர் மோர்ட்டன் ஈதர் என்ற ஆவியை முகரக் கொடுத்துச் சத்திரசிகிச்சை நடந்தது. அடுத்த மாதம் வைத்தியரும் எழுத்தாளருமான ஒலிவர் வெண்டெல் ஹோம்ஸ் அந்த நிலைக்கு "அனெஸ்தீசியா" என்ற பெயரை முன்வைத்தார். கிரேக்கத்தில் "அன்" இன்மை, "ஐஸ்தேசிஸ்" புலனுணர்வு. ஆக மூலச்சொல் சொல்வது உணர்வின்மையை; நித்திரை அதில் இல்லை. நம்முடைய "மயக்கம்" வேறு வழியில் வந்தது. மயங்குதல் என்றால் கலத்தல், தெளிவிழத்தல். மெய்ம்மயக்கம், திணைமயக்கம் என்று இலக்கணம் சொல்வது அந்தக் கலப்பைத்தான். அறிவு கலங்கி நினைவு தப்பும் நிலைக்கு இது நல்ல சொல். இடுப்புக்குக் கீழே மட்டும் உணர்வு போவதற்குப் பொருந்தாது.

நினைவிழக்கச் செய்யும் மருந்துக்குப் புரொப்போஃபோலை எடுத்துக்கொள்வோம். சோயா எண்ணெயும் முட்டை லெசித்தினும் சேர்ந்த பால் நிறக் குழம்பு. 1% குழம்பில் ஒரு மில்லிலீற்றருக்கு 10 மி.கி. ஆரோக்கியமான வளர்ந்தவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1.5 முதல் 2.5 மி.கி. வரை நாளத்தில் ஏற்றினால் ஒரு நிமிடத்துக்குள் நினைவு போய்விடும். மூளையில் காபா என்னும் அடக்கும் செய்திப்பொருளின் வேலையை அது கூட்டுகிறது. ஏறும்போது கை எரியும், குருதியமுக்கம் இறங்கும், மூச்சும் சற்று நிற்கலாம். அதனால்தான் ஒட்சிசனும் சுவாசக் குழாயும் தயாராக இல்லாமல் இதைத் தொடுவதில்லை. வலியை இது கொல்லாது; ஃபென்டனில் போன்ற வலிநீக்கி தனியே வேண்டும். நினைவில்லாதவரின் இரைப்பையில் இருப்பது நுரையீரலுக்குள் போகலாம் என்பதால் திண்ம உணவை 6 மணித்தியாலமும் தெளிந்த நீரை 2 மணித்தியாலமும் முன்பே நிறுத்துவார்கள். முதுகில் ஊசி என்றாலும் அதே விரதம்தான். இடையில் முழு மயக்கத்துக்கு மாறவேண்டி வரலாம்.

முதுகு ஊசியில் ஒப்பிட வேண்டியது மருந்தை அல்ல, அது போகும் வழியை. 1898இல் ஜேர்மனியின் கீல் நகரில் சத்திரசிகிச்சை வைத்தியர் ஓகஸ்ட் பீர் இதற்குக் கொக்கேயினைப் பயன்படுத்தினார். இன்று வழக்கமானது 0.5% கனமான புபிவாகேயின் என்ற விறைப்பு மருந்து. அதில் குளுக்கோசு சேர்ப்பதால் அது முண்ணாணை, அதாவது முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டைச் சூழ்ந்த பாய்பொருளைவிடப் பாரமாகி, ஆளைக் கிடத்தும் பக்கமாக இறங்கும். வளர்ந்தவரில் முண்ணாண் பெரும்பாலும் முதலாம், இரண்டாம் நாரி (இடுப்புப் பகுதி) முள்ளெலும்பு மட்டத்தில் முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்குக் கீழே, மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில் அல்லது அதற்கும் கீழ் இடைவெளியில். முதுகு ஊசியால் முண்ணாணில் குத்துப்படும் என்ற பயத்துக்குப் பதில் இந்த இடத்தேர்வுதான். சிசேரியனுக்கு 2 முதல் 2.5 மில்லிலீற்றர் போதும். முதலில் கால் சூடாகும், பிறகு வலியும் குளிரும் தெரியாமல் போகும், கடைசியில் கால் அசையாது. முலைக்காம்பு மட்டம் வரை குளிர் தெரியவில்லை என்று பார்த்த பிறகே கத்தி வைப்பார்கள். அப்போதும் இழுப்பதும் அழுத்துவதும் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி அதை வலி என்றே எடுத்துக்கொள்வார்.

குருதிக்குழாய்களை இறுக்கும் நரம்புகளும் சேர்ந்து விறைப்பதால் அமுக்கம் சட்டென்று விழும்; குமட்டல்தான் பெரும்பாலும் முதல் அறிகுறி. அமுக்கத்தை ஏற்றும் ஃபீனைலெஃப்ரின் கொடுத்து, கர்ப்பிணியை இடப்பக்கம் சற்றுச் சரித்து வைப்பார்கள். குருதி உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் அதன் பெயரையும் கடைசியாக எடுத்த நேரத்தையும் சொல்லியே ஆகவேண்டும். ஊசி போன இடத்தில் குருதி தேங்கி நரம்பை அமுக்கினால் கால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கலாம்.

உடலின் ஒரு பகுதியை மட்டும் விறைக்கச் செய்வதற்குப் "பிரதேச மயக்கம்" என்ற மொழிபெயர்ப்பும் அச்சில் உண்டு. வாசித்தால் பிரதேச செயலகத்தில் யாரோ மயங்கி விழுந்தது போலிருக்கிறது. "பாதி மயக்கம்" இன்னும் மோசம். அது அரைத் தூக்கம் தரும் மருந்துக்கே பொருந்தும். நினைவு போவதை முழு மயக்கம் என்றும், முதுகு ஊசியால் வருவதை முள்ளந்தண்டு விறைப்பு என்றும் வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் அடக்கும் துறைச்சொல் தேவைப்பட்டால் "உணர்வகற்றல்" கிரேக்கச் சொல்லுக்குக் கிட்ட நிற்கிறது.

விறைப்பு இரண்டு மூன்று மணித்தியாலத்தில் இறங்கும். சிறுநீர் போவது சற்றுப் பிந்தலாம். ஓரிரு நாளில் எழும்பி இருந்தால் கூடி, படுத்தால் குறையும் தலையிடி வந்தால், ஊசித்துளை வழியே பாய்பொருள் கசிகிறது என்று எண்ணவேண்டும். வீட்டில் பனடோல் போட்டுக்கொண்டு இருந்துவிடாமல், முதுகில் ஊசி போட்டதைச் சொல்லியே வைத்தியரிடம் காட்டவேண்டும். கடுமையாக இருந்தால் நோயாளியின் சொந்தக் குருதியையே அந்த இடத்தில் செலுத்தி அடைப்பார்கள்.