பொம்மை ரயில் நின்றுபோனால் முதலில் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள்

போன மாதம் ஒரு பெரியவர் துண்டில் சுற்றி ஒரு மாடல் ரயில் எஞ்சினைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் இருக்கும் மகன் பேரனுக்காக வாங்கி அனுப்பிய செட். “ரெண்டு நிமிஷம் ஜோரா ஓடுச்சு தம்பி. அப்புறம் கருகின வாடை வந்துச்சு, நின்னுபோச்சு” என்றார். நான் எஞ்சினைத் தொடவில்லை. “அடாப்டர் கொண்டுவந்தீங்களா ஐயா?” என்று கேட்டேன். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தது.

எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் செய்யும் என் மேசைக்கு இதே கதை அடிக்கடி வருகிறது. நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். 120 வோல்ட்டுக்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மருக்கு அதைக் கொடுத்தால், அதிலுள்ள கம்பிச்சுருள் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்துச் சூடாகும். உள்ளே, சூடு மிஞ்சினால் அறுந்துபோகும் தெர்மல் ஃபியூஸ் இருந்து, அது உடனே போனால் பிழைத்தோம். இல்லையென்றால் இன்சுலேஷன் உருகும், தீப்பிடிக்கவும் கூடும். அதுவரை, எஞ்சினுக்குக் கரண்ட் கொடுக்கும் தண்டவாளத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வோல்டேஜ் போய்க்கொண்டிருக்கும். பெரியவரின் எஞ்சினில் முன்விளக்கு போயிருந்தது, மோட்டார் எப்படியோ தப்பித்திருந்தது.

அடாப்டரில் 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் கவலை இல்லை. 120 மட்டும் இருந்தால் வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அல்லது ரயிலின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலரே நம் ஊர் மின்சாரத்துக்கானதாக வேண்டும். பயணப் பைகளில் கிடக்கும் பிளக் மாற்றி பிளக் முனைகளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இங்கிலாந்திலிருந்து வரும் செட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக் மாற்றினால் போதும்.

அடாப்டர் எரிந்தபின் வீட்டில் செய்யும் வேலை எனக்கு இன்னும் பயம் தருகிறது. சிசிடிவி கேமராவுக்கோ எல்இடி பட்டைக்கோ வாங்கிய 12 வோல்ட் சப்ளையை எடுத்து நேராகத் தண்டவாளத்தில் இணைத்துவிடுகிறார்கள். வோல்டேஜ் சரிதான், இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர் உள்ள எச்ஓ என்ற அளவு ரயில்களில் சாதாரண டிசி (நேர்மின்சார) வகைக்கு 12 வோல்ட்தான் கணக்கு. ஆனால் எஞ்சினுக்குத் தேவை அரை ஆம்பியருக்கும் குறைவு, அந்த சப்ளையோ 5 ஆம்பியர், 10 ஆம்பியர் கொடுக்கும். ஒரு தண்டவாளம் பிளஸ், இன்னொன்று மைனஸ். வளைவில் எஞ்சின் தடம் புரண்டு ஒரு இரும்புச் சக்கரம் இரண்டையும் தொட்டால் ஷார்ட். ரயிலுக்கென்று செய்த கன்ட்ரோலர் உடனே கட் ஆகிவிடும். இந்த சப்ளை அப்படியே கரண்ட்டைத் தள்ளிக்கொண்டிருக்கலாம், அப்போது ஷார்ட் ஆன இடம் பழுத்துப் பிளாஸ்டிக் உருகும். குழந்தை அந்த எஞ்சினைத்தான் கையால் தூக்கும். கார் பேட்டரி என்றால் நினைக்கவே வேண்டாம்.

வேறு வழியே இல்லையென்றால் ஒரு கம்பியில் 1 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். ஃபியூஸுக்குப் பதிலாக, காரின் பிரேக் லைட்டில் இருக்கும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை அதே கம்பியின் நடுவில் சீரிஸாகச் சேர்க்கலாம். மாடல் ரயில்காரர்கள் வெகுகாலமாகச் செய்யும் வித்தை இது. ரயில் ஓடும்போது பல்பு அணைந்தே இருக்கும். ஷார்ட் ஆனால் பளிச்சென்று எரியும், கரண்ட் 2 ஆம்பியரைத் தாண்டாது.

சரி, மின்சாரம் ஒழுங்காக இருந்தும் எஞ்சின் ஓடவில்லை என்றால்? அதைக் கவிழ்த்து, 9 வோல்ட் பேட்டரியிலிருந்து இரண்டு கம்பிகளை இருபக்கச் சக்கரங்களிலும் வையுங்கள். சக்கரம் சுற்றினால் எஞ்சின் நல்லபடி இருக்கிறது, கோளாறு தண்டவாளத்தில். (டிசிசி எனப்படும் டிஜிட்டல் எஞ்சினுக்கு இந்தச் சோதனை செல்லாது. அதற்குள் இருக்கும் டீகோடர், அதாவது டிஜிட்டல் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் சின்ன சர்க்யூட், பேட்டரிக்குப் பதில் சொல்லாமலே இருக்கலாம். டீகோடர் இல்லாத சாதாரண எஞ்சினை டிசிசி பாதையில் நிறுத்தியும் வைக்காதீர்கள், நின்ற இடத்திலேயே முனகிக்கொண்டு மோட்டார் சூடேறும்.)

தண்டவாளத்தை மல்டிமீட்டரால் அளக்கும்போது ஒரு விஷயம். சும்மா அளந்தால் எல்லா மூலையிலும் 12 காட்டும். எஞ்சினைக் கையால் பிடித்துச் சக்கரத்தை ஓடவிட்டபடி அளங்கள். தூரத்து மூலையில் இரண்டு மூன்று வோல்ட் குறைந்தால், நடுவில் எங்கோ துண்டுகளை இணைக்கும் தகடு தளர்ந்திருக்கிறது. குறட்டால் மெதுவாக நெருக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

விட்டுவிட்டு ஓடினால் அழுக்குதான். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் தண்டவாளத்தைத் துடையுங்கள், சக்கரங்களில் படிந்த கருப்பையும் எடுங்கள். பவரை அணைத்துவிட்டுத் துடைப்பது முக்கியம், அந்த ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். உப்புத்தாள் போடாதீர்கள், அந்தக் கீறல்களில்தான் அடுத்த அழுக்கு போய் உட்காரும்.

அப்புறம் எண்ணெய். தேங்காய் எண்ணெய் விட்ட எஞ்சின்களை நிறையப் பிரித்திருக்கிறேன். அது 24 டிகிரிக்குக் கீழே உறையும், நாளானால் பிசினாகிப் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கைக் கெடுக்காத மெல்லிய எண்ணெயை ஊசி முனையில் தொட்டு, அச்சு சுழலும் இடங்களில் மட்டும் ஒரு சொட்டு வையுங்கள். சக்கரத்தின் வெளி விளிம்பில் பட்டால் துடைத்துவிடுங்கள், அங்கே எண்ணெய் இருந்தால் வழுக்கும், கரண்ட்டும் ஒழுங்காக ஏறாது.