சூரிய கர் திட்டம்: மானியத்தில் இன்வெர்ட்டருக்கும் பங்கு உண்டு

மாடியில் சோலார் போட விலை கேட்கப் போனால் பேச்செல்லாம் பேனலைப் பற்றியே இருக்கும். எத்தனை வாட், எத்தனை பேனல், எத்தனை வருட உத்தரவாதம் என்று கேட்டு முடித்துவிடுவோம். பேனலின் டி.சி. மின்சாரத்தை வீட்டுக்கான ஏ.சி.யாக மாற்றும் இன்வெர்ட்டர் விலைப்பட்டியலின் நடுவில் ஒரு வரியாகக் கிடக்கும், அதை யாரும் நின்று படிப்பதில்லை. ஆனால் பி.எம். சூரிய கர் திட்டத்தில் கைக்கு வரும் மானியத்தை அந்த வரியும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய திட்டம் இது. ஒரு கோடி வீடுகளின் கூரையில் சோலார் அமைப்பது இலக்கு. ஒதுக்கிய தொகை 75,021 கோடி ரூபாய். காலம் 2026-27 நிதியாண்டு வரை. வீடுகளுக்கான மானியம் முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய். அடுத்த 1 கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் உச்சவரம்பு 78,000 ரூபாய்தான். வடகிழக்கு, மலை மாநிலங்கள் போன்ற சிறப்பு வகை மாநிலங்களுக்குச் சற்றுக் கூடுதலாக உண்டு.

இதில் 'கிலோவாட்' என்று எதைக் கணக்கிடுகிறார்கள்? பேனல்களின் மொத்தத் திறன், இன்வெர்ட்டரின் திறன், இரண்டில் எது குறைவோ அது. 540 வாட் பேனல் ஆறு போட்டால் 3.24 கிலோவாட். அதோடு 3 கிலோவாட் இன்வெர்ட்டர் வைத்தால் கணக்கு 3, முழு 78,000 வரும். அதே பேனல்களுக்கு 2.5 கிலோவாட் இன்வெர்ட்டரை மாட்டினால் கணக்கு 2.5 ஆகிவிடும், மானியம் 69,000. ஒரு சின்னப் பெட்டியில் 9,000 ரூபாய் போய்விடுகிறது. மறுபக்கமும் உண்டு. நாலே பேனல் போட்டு, 'பின்னால் உதவும்' என்று 5 கிலோவாட் இன்வெர்ட்டர் வாங்கினால் மானியம் பேனலின் 2.16 கிலோவாட்டுக்கு மட்டும்தான். பிற்பாடு பேனல் கூட்டும் எண்ணம் உறுதியாக இருந்தால் சரி, இல்லையென்றால் அது வீண் செலவு. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் நேம் பிளேட்டைப் பாருங்கள். அதில் ஏ.சி. அவுட்புட் என்று போட்டிருப்பதுதான் அதன் உண்மையான திறன். பேனல் பக்கம் தாங்கும் அளவு என்று இன்னொரு பெரிய எண்ணும் இருக்கும்; சில விற்பனையாளர்கள் அதைச் சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. நம் வீடுகளில் இன்வெர்ட்டர் என்றால் ஒரு மூலையில் பேட்டரியோடு இருந்து, கரண்ட் போனதும் ஃபேனையும் லைட்டையும் ஓட்டும் பெட்டி. இந்தத் திட்டத்தில் வருவது மின்வாரிய லைனோடு சேர்ந்தே ஓடும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர். கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும், உச்சி வெயிலாக இருந்தாலும் சரி. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், சோலார் போட்ட முதல் வாரமே மின்தடை வந்து எல்லாம் அணைந்ததும், ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்துக் கலங்கிப்போனார்கள். யாரும் ஏமாற்றவில்லை; முன்கூட்டியே சொல்லத்தான் யாரும் இல்லை. வெளியே கம்பத்தில் லைன்மேன் வேலை செய்துகொண்டிருக்கும்போது நம் மாடியிலிருந்து லைனுக்கு மின்சாரம் போனால் அவர் உயிருக்கே ஆபத்து. அதனால் லைன் செத்த இரண்டு விநாடிக்குள் இன்வெர்ட்டர் தானே விலகிவிட வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் விதி. லைன் திரும்பி வந்து, குறைந்தது 60 விநாடி நிலையாக இருந்த பிறகே மறுபடி இணைய வேண்டும்.

மின்தடையிலும் ஓட வேண்டும் என்றால் பேட்டரி இணைக்கும் ஹைபிரிட் வகை வாங்கலாம், திட்டம் அதை ஏற்கிறது. ஆனால் பேட்டரிக்கு மானியம் கிடையாது. லைனோடு சேராமல் தனியே ஓடும் ஆஃப்-கிரிட் அமைப்புக்கு மானியமே இல்லை. பழைய யூ.பி.எஸ். வீட்டில் இருந்தால் அது பாட்டுக்கு இருக்கட்டும். அதன் அவுட்புட் லைனில் மட்டும் சோலார் இன்வெர்ட்டரைச் சேர்த்துவிடக் கூடாது. சோலார் மெயின் பக்கம்தான் சேர வேண்டும். வயரிங் செய்பவரிடம் இதை வாய்விட்டுக் கேளுங்கள், தயக்கமே வேண்டாம்.

பேனலுக்கு டி.சி.ஆர். நிபந்தனை உண்டு, அதாவது பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவிலேயே செய்ததாக இருக்க வேண்டும். இன்வெர்ட்டரில் பார்க்க வேண்டியது பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு. பாதுகாப்புக்கு ஐ.எஸ். 16221, மின்தடையில் தானே விலகுவதற்கு ஐ.எஸ். 16169. லேபிளில் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும், அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் அடித்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். உங்கள் இணைப்பு சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா என்பதற்கு ஏற்ற வகைதானா என்றும் பாருங்கள்.

விண்ணப்பம் எளிது. திட்டத்தின் தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிய வேண்டும். 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு இல்லாமலேயே விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும் என்று 2024-இல் விதியைத் திருத்திவிட்டார்கள். பதிவு பெற்ற விற்பனையாளரைத் தேர்ந்தெடுத்து வேலையை முடித்தால், மின்வாரியம் நாம் எடுக்கும் மின்சாரத்தையும் லைனுக்குக் கொடுப்பதையும் கணக்கிடும் நெட் மீட்டர் பொருத்தி ஆய்வு செய்து, இயக்கச் சான்று தரும். அப்புறம் வங்கி விவரம் கொடுத்தால் மானியம் நேராக உங்கள் கணக்குக்கு வரும்.

மின்வாரிய ஆய்வுக்கு முன், விற்பனையாளரின் ஆட்கள் மாடியில் இருக்கும்போதே சில சோதனைகளை உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். பேனல் வரிசையை இன்வெர்ட்டரில் செருகும் முன் மல்டிமீட்டரில் அதன் ஓப்பன் சர்க்யூட் வோல்ட்டேஜை, அதாவது எதனோடும் இணைக்காதபோது காட்டும் வோல்ட்டேஜைப் பார்க்க வேண்டும். 540 வாட் பேனல் ஒன்று ஏறக்குறைய 49 வோல்ட் காட்டும் வகை என்றால், ஆறும் தொடராகச் சேர்ந்து 300-க்குக் கொஞ்சம் கீழே காட்டும். வெகுவாகக் குறைந்தால் இணைப்பில் ஏதோ பிழை. குளிரில் இந்த வோல்ட்டேஜ் ஏறும் என்பதால், இன்வெர்ட்டர் தாங்கும் உச்ச அளவுக்கு நன்றாகக் கீழேயே இருக்க வேண்டும். இது டி.சி. மின்சாரம், தொட்டால் ஆபத்து. நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும்.

இணைத்து ஓடத் தொடங்கியதும் ஏ.சி. பக்கத்து சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் சட்டென்று உற்பத்தியை நிறுத்த வேண்டும். திரும்பப் போட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு முன்பே உற்பத்தி தொடங்கினால் இன்வெர்ட்டரின் செட்டிங்கை மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். நாலு நிமிட வேலைதான், ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை இதுதான் என்பேன், ஏனென்றால் இதில் இருப்பது இன்னொருவர் உயிர்.

இயக்கி வைக்கும்போது செயல்திறன் விகிதம், அதாவது விழும் வெயிலுக்கு வர வேண்டிய மின்சாரத்தில் உண்மையில் கிடைக்கும் பங்கு, 75 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் எதிர்பார்ப்பு. நல்ல வெயில் நாளில் 3 கிலோவாட் அமைப்பு 12 யூனிட்டை ஒட்டித் தர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியம் மட்டும் அடிக்கடி நின்று நின்று ஓடினால் உடனே பெட்டியைக் குறை சொல்லிவிடாதீர்கள். லைன் வோல்ட்டேஜ் 230-இன் 110 சதவீதத்தை, அதாவது 253 வோல்ட்டைத் தாண்டினால் விலகிவிட வேண்டும் என்பதும் விதிதான். இன்வெர்ட்டரின் செயலியில் எந்த நேரத்தில், எத்தனை வோல்ட்டில் நின்றது என்ற பதிவு இருக்கும். அதைப் படம் எடுத்து மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்தால் பேச ஆதாரம் இருக்கும்.

அந்தச் செயலியின் கணக்கை உங்கள் போன் எண்ணில் தொடங்கச் சொல்லுங்கள், விற்பனையாளரின் எண்ணில் வேண்டாம். ஐந்து வருடப் பராமரிப்பு அவர் பொறுப்பு. அதில் இன்வெர்ட்டரும் அடக்கம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள், கூடவே அதன் சீரியல் எண்ணையும்.